ஒரே கையெழுத்தில் பதினொரு வாக்குகள்

பத்திரிகைத் தொழிலில் 'திருத்தம்' என்று ஒரு வழக்கம் உண்டு. பெயர் பிழைத்தால், படம் மாறினால், தொகை தவறினால், மறுநாளோ மறுவாரமோ உட்பக்கத்தின் மூலையொன்றில் சிறிய எழுத்தில் தவறுக்கு வருந்துவோம். முப்பது ஆண்டுகளில் அத்தகைய திருத்தங்கள் பலவற்றை நானே எழுதியிருக்கிறேன். எழுத வேண்டியிருந்தும் எழுதாமல் விட்ட திருத்தம் ஒன்றும் இருக்கிறது. அதைப் பற்றியதே இக்குறிப்பு.

சென்ற மாதம் உறவினர் வீட்டுத் திருமணமொன்றிற்காகக் கண்டிக்குப் போயிருந்தேன். முதல்நாள் இரவு பெண்கள் கூடியிருந்த அறையில் ஒரே வாக்குவாதம். காதல் கதை எழுதுவதில் யார் சிறந்தவர் என்பதே விவாதப் பொருள்! கனடாவிலிருந்து வந்திருந்த மருமகள் ஒருத்தி, கைத்தொலைபேசியில் பிரதிலிபியில் தான் வாசிக்கும் புதிய எழுத்தாளர்களின் பெயர்களை அடுக்கினாள். கண்டியில் வங்கியொன்றில் வேலை பார்க்கும் இன்னொருத்தி ரமணிசந்திரனை விட்டுக்கொடுப்பதாயில்லை. எழுபதைத் தாண்டிய பெரியம்மாவோ, "லக்ஷ்மிக்குப் பிறகு ஆரடி எழுதினது?" என்று ஒரே கேள்வியில் வழக்கை முடித்துவைக்கப் பார்த்தார். வாசலில் நின்ற என்னைக் கண்டதும் மருமகள் கேட்டாள்.

"மாமா, நீங்கள் பேப்பர்க்காரர்தானே. நீங்களே சொல்லுங்கோ, ஆர் முதலாவது?"

"அந்தக் கேள்விக்கு ஒருக்கால் தீர்ப்புச் சொல்லிப் பிழைவிட்டனான், பிள்ளை. இன்னொருக்கால் சொல்ல மாட்டன்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் சொன்னது பகிடியல்ல என்பது அவர்களுக்குத் தெரியாது.

*

1998ஆம் ஆண்டு. நான் அப்போது ஒரு தமிழ்ப் பத்திரிகையின் வார வெளியீட்டில் உதவி ஆசிரியன். பத்திரிகையின் பெயர் இங்கு வேண்டாம். அன்று அங்கிருந்தவர்களில் பலர் இன்று இல்லை. பெண்கள் பகுதிக்குப் புதிதாக ஏதேனும் செய்ய வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது, 'உங்கள் மனங்கவர்ந்த நாவலாசிரியர் யார்?' என்று வாசகர்களைக் கேட்போம் என முடிவாயிற்று. காதல், குடும்பக் கதைகள் எழுதுவோருள் ஒருவரை வாசகர் தெரிவு செய்ய வேண்டும். பத்திரிகையில் வெளியாகும் கூப்பனை வெட்டித் தபாலட்டையில் ஒட்டி அனுப்ப வேண்டும். அதிக வாக்குப் பெறும் எழுத்தாளர்களின் பட்டியல் சிறு குறிப்புகளுடன் வெளியாகும். எண்ணும் பொறுப்பும் குறிப்பு எழுதும் பொறுப்பும் என்னிடம் தரப்பட்டன.

அந்த வேலைக்கு நான் எத்தகைய மனத்துடன் அமர்ந்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

என் தாயார் கண்டியில் ஆசிரியையாக இருந்தவர். சஞ்சிகைகளில் வரும் தொடர்கதைகளை வாராவாரம் கிழித்தெடுத்து, தொடர் முடிந்ததும் 'பைண்ட்' செய்து வைப்பார். லக்ஷ்மி அவருக்கு உயிர். திரிபுரசுந்தரி என்ற இயற்பெயர் கொண்ட மருத்துவர் அவர். தென்னாபிரிக்காவில் நீண்ட காலம் வாழ்ந்தவர். 1984இல் 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்காகச் சாகித்திய அக்கடமி விருது பெற்றவர். 1970களில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலத்தில் அம்மா வீரகேசரிப் பிரசுரங்களுக்கு மாறினார். திருகோணமலை ந. பாலேஸ்வரியின் 'பூஜைக்கு வந்த மலர்', அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' எல்லாம் அவ்வழியாகவே எங்கள் வீட்டுக்குள் வந்தன. அக்காலத்தில் பக்கத்து வீட்டுச் சிங்கள ஆசிரியை, கருணாசேன ஜயலத் 1962இல் எழுதிய 'கொளு ஹதவத்த' நாவலை, வேலிக்கு அப்பால் நின்று நாளுக்குக் கொஞ்சமாக அம்மாவுக்குச் சொல்லி முடித்தாராம். ஊமை இதயம் என்பது அத்தலைப்பின் பொருள். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1968இல் அதைத் திரைப்படமாக்கினார். சிங்களம் வாசிக்கத் தெரியாத அம்மா, தாம் வாசித்த நாவல்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அதையும் சேர்த்தே சொல்வார். "நீங்கள் அதை வாசிக்கேல்லையே அம்மா" என்று நான் திருத்துவேன். அவர் சிரிப்பார்.

அப்பா இவை எல்லாவற்றையும் 'கண்ணீர்க் கதைகள்' என்பார். அவர் இரவில் விளக்கெரிய வாசித்தவை சரித்திர நாவல்கள். அவற்றிலும் காதல்தான் இருந்தது. குதிரைகள் இருந்தபடியால் அவை இலக்கியமாயின!

பின்னர் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கலைப்பட்டம் படிக்கப் போனேன். பேராசிரியர் க. கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' கையில் கிடைத்தது. சமூகத்தைச் சித்திரிப்பதே நாவலின் பணி என்று கற்றேன். அந்நூலிடம் நான் பட்ட கடன் பெரிது. அதில் இன்றும் எனக்கு மாற்றமில்லை. ஆனால், இருபத்திரண்டு வயதில் ஓர் அளவுகோல் கையில் கிடைத்தால் எதை அளப்பது என்பதைவிட யாரை அடிப்பது என்பதே முதலில் தோன்றுகிறது. அம்மாவின் பைண்ட் புத்தகங்களைப் பார்த்து நான் அப்பாவைப் போலவே சிரிக்கத் தொடங்கினேன். வேறுபாடு ஒன்றுதான். அப்பாவின் சிரிப்புக்குக் காரணம் இல்லை. என் சிரிப்புக்கு அடிக்குறிப்பு இருந்தது.

*

தபாலட்டைகள் ஒரு சாக்குப் பை நிறைய வந்தன. கொழும்பு, திருகோணமலை, மட்டக்களப்பு என்று பல திசைகளிலிருந்தும் வந்தன. ஆனால், நாங்கள் எதிர்பாராத அளவுக்கு மலையகத்திலிருந்து வந்தன. பெரும்பாலானவற்றில் ஒரே பெயர்: ரமணிசந்திரன்.

அவர் எழுதிய நாவல்கள் நூற்றைம்பதுக்கும் மேல். சென்னை அருணோதயம் பதிப்பகத்தின் வெளியீடாக அவை ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. செல்வமும் செருக்கும் உள்ள நாயகன், தன்மானம் மிக்க நாயகி, இடையில் ஒரு தப்பெண்ணம், இறுதியில் மனம் ஒன்றுபடுதல் என்னும் அமைப்பு வாசகர் அனைவருக்கும் தெரிந்ததே. அந்தப் பெயர் பட்டியலின் தலையில் வருவது எனக்கு உவப்பாக இல்லை. மேலே இருந்தவர்களுக்கும் உவப்பாக இல்லை. "பட்டியலைப் பார்த்து ஊர் சிரிக்கப் போகுது" என்றார் ஒருவர்.

அப்போதுதான் எனக்கு ஒரு வழி தென்பட்டது. யாரும் சொல்லித்தரவில்லை, நானே கண்டுபிடித்தேன். கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்த பதினொரு தபாலட்டைகள் ஒரே கையெழுத்தில் இருந்தன. வேறு தோட்டங்களிலிருந்தும் அவ்வாறே கட்டுக்கட்டாக வந்திருந்தன. ஒருவரே பல வாக்குகள் போட்டிருக்கிறார், இது மோசடி என்று வாதிட்டேன். ஒரு கையெழுத்துக்கு ஒரு வாக்கு என்று விதி செய்தோம். கூப்பன்களை வெளியிடும்போது அப்படி ஒரு விதி இருக்கவில்லை. எண்ணும்போது பிறந்த விதி அது.

அந்தப் பதினொரு அட்டைகளையும் இறப்பர் வளையத்தால் கட்டி 'ஒன்று' என எழுதினேன். பட்டியல் வெளியானபோது லக்ஷ்மி, நா. பார்த்தசாரதி, சிவசங்கரி முதலியோர் மேலே நின்றார்கள். ரமணிசந்திரன் கீழே எங்கோ இறங்கியிருந்தார். மேலே நின்றவர்கள் எவரும் எங்கள் தயவு வேண்டியவர்கள் அல்லர். நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்' வாசித்த காலத்தில் தம் பிள்ளைகளுக்கு அரவிந்தன் என்றும் பூரணி என்றும் பெயரிட்டவர்கள் தமிழகத்திலும் இலங்கையிலும் ஏராளம். ஆயினும் நாங்கள் வெளியிட்ட வரிசை வாசகர்களுடையதாக இருக்கவில்லை. அது எங்களுடையது.

*

இரண்டு வாரம் கழித்து அதே கையெழுத்தில் ஒரு கடிதம் வந்தது. கோபமான கடிதமல்ல. 'நாங்கள் பதினொரு பேர் அனுப்பிய அட்டைகள் வந்து சேரவில்லையா? தபாலில் தவறியிருந்தால் அறியத் தரவும்' என்று மட்டும் கேட்டிருந்தார்கள். தபாலின் மீது சந்தேகம் கொள்ளும் அளவுக்கு எங்கள் மீது நம்பிக்கை வைத்திருந்தார்கள்.

அந்த மாதம் விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது, ஏன் என்று இன்றும் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை, குட்ஷெட் பஸ் நிலையத்தில் கலஹா பஸ் ஏறினேன். பேராதனை கடந்து, பல்கலைக்கழகத்துக்கு மேலே ஹந்தானை மலையைப் பார்த்தபடி ஏறும் பாதை அது. அதற்கும் அப்பால் உள்ள லூல்கந்துரா தோட்டத்தில்தான் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் முதன்முதலாகத் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்டார். நான்கு ஆண்டுகள் அம்மலையடிவாரத்தில் படித்தவன் நான். அந்தப் பஸ்ஸில் அன்றுதான் முதன்முறை ஏறினேன்.

கடிதம் எழுதிய பெண்ணுக்குப் பத்தொன்பது வயதிருக்கும். தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் வேலை செய்தாள். என்னைக் கண்டதும் பதறிப்போய், "சேர், தப்பா ஒண்ணும் எழுதலையே?" என்றாள். மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டுப் பெண்கள் லயத்துக்குத் திரும்பும்வரை இருக்கச் சொன்னாள். இஸ்தோப்பில் பலகையொன்று போட்டு எனக்குத் தேநீர் தந்தார்கள்.

நடந்தது இதுதான். அந்த லயத்துப் பெண்கள் பலருக்கு வாசிக்க வராது. சிலருக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க மட்டும் வரும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இந்தப் பிள்ளை இஸ்தோப்பில் இருந்து உரத்து வாசிப்பாள். மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்பார்கள். கண்டி நகரில் பழைய புத்தகக் கடையில் வாங்கியவை, நாவலப்பிட்டியில் கட்டிக்கொடுத்த அக்கா கொண்டுவந்தவை என்று ஒரு தகரப் பெட்டி நிறைய நாவல்கள் இருந்தன. எங்கள் கூப்பன் வந்தபோது, ஒரு பத்திரிகைக்கு ஒரு கூப்பன் என்பதால், காசு சேர்த்துப் பதினொரு பிரதிகள் வாங்கியிருக்கிறார்கள். பிறகு ஒவ்வொருவராக வந்து தத்தம் தெரிவைச் சொல்ல, இவள் எழுதியிருக்கிறாள்.

"எல்லாரும் ஒரே ஆளைச் சொன்னீங்களா?" என்று கேட்டேன். அப்போதுகூட அது ஒரு விசாரணைக் கேள்வியாகவே என் வாயிலிருந்து வந்தது.

"இல்லைங்க சேர். எட்டுப் பேர் ரமணிசந்திரன். ரெண்டு பேர் லக்ஷ்மி. நம்ம பெரியாத்தா மட்டும் நா. பார்த்தசாரதி. அதுக்கு அன்னைக்கு இங்க பெரிய சண்டையே நடந்துச்சு" என்றாள்.

எனக்குத் தேநீர் இறங்கவில்லை. நான் கட்டிவைத்த அட்டைகளில் மூன்று வெவ்வேறு பெயர்கள் இருந்திருக்கின்றன. கையெழுத்தைப் பார்த்தவன் பெயர்களைப் பார்க்கவில்லை. மோசடி செய்பவன் தன் வாக்கைத் தானே மூன்றாகப் பிரிப்பானா? நான் உயர்த்திப் பிடித்த லக்ஷ்மிக்கும் நா. பார்த்தசாரதிக்கும் விழுந்த வாக்குகளையும் சேர்த்தே குப்பையில் போட்டிருக்கிறேன்.

ஒரே கையெழுத்து என்பதால் ஒன்றாகக் கணக்கிட்டோம் என்று ஒருவாறு சொல்லி முடித்தேன். சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அந்தப் பெரியாத்தா சொன்னார்: "எங்களுக்கு எழுத வராது தம்பி, வாஸ்தவந்தான். அதுக்காகக் கேக்கவும் வராதா?"

இன்னொரு பெண் சொன்னார்: "கொழுந்து கொறைஞ்சா அரைப்பேர் போடுவாங்க. நீங்க அந்த அரைப்பேர்கூடப் போடலையே, தம்பி."

எல்லோரும் சிரித்தார்கள். அரைப்பேர் என்றால் அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: குறித்த அளவு கொழுந்து பறிக்காத நாளில் தொழிலாளியின் பெயருக்கு எதிரே அரை நாள் வேலை என்றே பதியப்படும், சம்பளமும் அரைவாசியே.

*

ஏன் ரமணிசந்திரன் என்று கேட்டேன். நாயகன் அழகானவன், முடிவு நல்லது என்ற விடைகளையே எதிர்பார்த்தேன். அவையும் வந்தன. ஆனால், ஒருவர் சொன்ன விடை மட்டும் இன்றுவரை என்னுடன் இருக்கிறது.

"அந்தக் கதையில பொம்பளைக்குக் கோவம் வந்தா ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிறா. யாராச்சும் வந்து தட்டுற வரைக்கும் தொறக்க மாட்டா. எனக்கு அந்த எடம்தான் ரொம்பப் பிடிக்கும்" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். பத்தடிக்குப் பன்னிரண்டடியான காம்பரா ஒன்று. அதற்குள் மூன்று தலைமுறை. சாத்திக்கொள்ள ஒரு பெண்ணுக்கு அங்கே கதவு ஏது? தட்டிவிட்டு வெளியே காத்து நிற்கும் ஆண்தான் ஏது? மாளிகை, மோட்டார் வண்டி என்று நான் எள்ளி நகையாடிய கதையில் அவர் கண்டெடுத்தது ஒரு தாழ்ப்பாளை.

அவர்கள் கதையை அப்படியே விழுங்கிக்கொள்பவர்களும் அல்லர். எந்த எழுத்தாளரானாலும் நாயகன் கையை ஓங்கும் இடம் வந்தால் தான் அதை வாசிக்காமல் தாண்டிவிடுவதாக அந்தப் பிள்ளை சொன்னாள். "வாசிச்சா இவங்க என்னையத் திட்டுவாங்க, சேர்" என்றாள். ஆசிரியபீடத்தில் நாங்கள் செய்த வேலையையே அவளும் செய்தாள். ஆனால், அவள் செய்தது கேட்பவர்களின் விருப்பத்துக்கு இணங்க.

அமெரிக்க ஆய்வாளர் ஜானிஸ் ராட்வே 1984இல் காதல் நாவல் வாசிக்கும் பெண்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார் என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பின்னரே அறிந்தேன். கதைகளை மட்டும் ஆராயாமல் வாசிப்பவர்களிடமே போய்க் கேட்டவர் அவர். நாள் முழுவதும் பிறருக்காக உழைக்கும் பெண், புத்தகத்தைக் கையில் எடுப்பதன் மூலம் 'இந்த நேரம் எனக்குரியது' என்று அறிவிக்கிறாள் என்பது அவர் கண்டவற்றுள் ஒன்று. கதையின் முடிவைவிட, அதை வாசிக்க ஒதுக்கிய நேரமே பெரிது! ஆசிரியபீடத்தில் நாம் செய்ததும் புதிதல்ல. 1855இலேயே நத்தானியல் ஹாதோர்ன், தம் நூல்களைவிடப் பெண்கள் எழுதும் நாவல்கள் அதிகம் விற்கின்றன என்று தம் பதிப்பாளரிடம் எரிச்சலுடன் எழுதியிருக்கிறார். லண்டனில் 1908இல் தொடங்கிய மில்ஸ் அண்ட் பூன் நிறுவனத்தின் காதல் நாவல்களை உலகமே வாசித்தது. உலகமே சிரிக்கவும் செய்தது. இன்று குட்ரீட்ஸ் தளம் 2009 முதல் ஆண்டுதோறும் வாசகர் வாக்கெடுப்பு நடத்துகிறது. காதல் நாவலுக்கு அங்கே தனிப்பிரிவே உண்டு.

ஆயினும் அன்று திரும்பும் பஸ்ஸில் என்னை அழுத்தியது இலக்கியப் பிரச்சினையன்று. அந்தப் பெரியாத்தா தேநீர்க் கோப்பையை வாங்கும்போது சாதாரணமாகச் சொன்ன ஒரு விஷயம். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி அவர் குடும்பம் இந்தியப் பிரசாவுரிமைக்கு மனுச் செய்திருந்தது. போகும் முறை வருமுன் 1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றுபோயிற்று. அங்கும் இல்லை, இங்கும் இல்லை. "நான் இதுவரைக்கும் எதுக்கும் ஓட்டுப் போட்டதில்லை தம்பி. இதுதான் மொதல்தடவை" என்றார்.

வாசகர்களுக்கு வரலாறு தெரியும். 1947இல் மலையகத் தொழிலாளர் தம் வாக்குகளால் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். 1948இல் பிரசாவுரிமையும் 1949இல் வாக்குரிமையும் பறிபோயின. மீளப் பெற விண்ணப்பித்தவர்களிடம் தொடர்ச்சியாக இங்கு வாழ்ந்ததற்கு ஆதாரம் கேட்கப்பட்டது. எண்ணற்ற விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன. 1977இல்தான் சௌமியமூர்த்தி தொண்டமான் மீண்டும் தேர்தலில் வென்று பாராளுமன்றம் சென்றார். எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. இந்த அநீதியைப் பற்றி நான் ஆசிரியத் தலையங்கங்கள் எழுதியிருக்கிறேன். கடுமையாகவே எழுதியிருக்கிறேன். அதே மேசையில் இருந்துகொண்டுதான் அந்தப் பதினொரு அட்டைகளுக்கு இறப்பர் வளையம் போட்டேன்.

இரண்டையும் ஒன்றாக வைப்பது மிகை என்று சிலர் கருதலாம். நாடற்றவராக்கிய சட்டம் எங்கே, ஒரு வாரப் பத்திரிகைப் போட்டி எங்கே? அளவில் ஒப்பில்லைதான். ஆனால், முறை ஒன்றுதான். முடிவு பிடிக்கவில்லை, ஆகவே வாக்காளரைச் சந்தேகி. அதற்கு ஏற்ற விதியைப் பின்னர் செய்துகொள்.

*

கொழும்பு திரும்பி ஆசிரியபீடத்தில் நடந்ததைச் சொன்னேன். ஒரு திருத்தம் போடலாமா என்று கேட்டேன். "இதுக்கெல்லாம் திருத்தமா?" என்றார்கள். நான் இரண்டாம் முறை கேட்கவில்லை. வேலை முக்கியமாக இருந்தது, வயதும் இருபத்தொன்பது. அந்தப் பிள்ளைக்குப் பதில் எழுதினேன். அடுத்த முறை சரியாக எண்ணுவோம் என்று எழுதினேன். அடுத்த முறை என்று ஒன்று வரவேயில்லை.

அம்மாவிடம் மட்டும் முழுவதையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "வேலிக்கரையிலை நின்டு கேட்டதையும் நான் வாசிச்சதாத்தான் கணக்கு வைச்சனான். நீதான் ஒத்துக்கொள்ளேல்லை" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

காதல் நாவல்களைப் பற்றிய என் அபிப்பிராயம் முற்றாக மாறிவிட்டது என்று சொன்னால் அது பொய். நாயகனின் செருக்கை ஆண்மை என்று காட்டும் கதைகளோடு எனக்கு இன்றும் சண்டை உண்டு. அந்தச் சண்டையை மருமகளோடும் பெரியம்மாவோடும் போடலாம். விமர்சகன் விமர்சிக்கட்டும், அது அவன் உரிமை. ஆனால், யார் உங்களுக்குப் பிடித்தவர் என்று ஒருவரைக் கேட்டுவிட்டால், அவர் சொன்னதைச் சொன்னபடி எண்ணுவதே கேட்டவனின் கடமை. எண்ணுபவனும் விமர்சகனும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்பது நான் கற்ற பாடம்.

திருமணம் முடிந்து திரும்பும் வழியில் கலஹாப் பாதை பிரியும் இடத்தில் வாகனத்தைச் சற்று நிறுத்தச் சொன்னேன். மேலே போகவில்லை. பெரியாத்தா இன்று இருக்க வாய்ப்பில்லை. 2003க்குப் பின் ஒருமுறையேனும் அவர் வாக்குச்சாவடிக்குப் போயிருப்பாரா என்பதும் எனக்குத் தெரியாது. அந்தப் பிள்ளைக்கு இப்போது நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். எங்கிருந்தாலும் இதை வாசிக்கட்டும், அல்லது யாரேனும் அவளுக்கு வாசித்துக் காட்டட்டும்.

திருத்தம்: 1998இல் நாம் வெளியிட்ட வாசகர் தெரிவில், கலஹாப் பகுதித் தோட்டமொன்றிலிருந்து வந்த வாக்குகள் 'ஒன்று' எனப் பிழையாகக் கணக்கிடப்பட்டன. சரியான கணக்கு: ரமணிசந்திரன் எட்டு, லக்ஷ்மி இரண்டு, நா. பார்த்தசாரதி ஒன்று. மொத்தம் பதினொன்று.

தவறுக்கு வருந்துகிறேன்.